எலியின் பல்லும் பறவையின் சிறகும்



சிறார்க்குச் சிற்றுயிர்கள் மீது உள்ள பற்று இயல்பானது. யானையை அண்ணாந்து பார்த்து வியக்கும் குழந்தை, அணிலைக் கண்டால் தன் தோழனைக் கண்டதுபோல் துள்ளுகின்றது. காரணம் எளிது. குழந்தையும் இவ்வுலகில் சிறியது. கதவின் தாழ்ப்பாள் அதற்கு எட்டாது. பெரியவர்கள் பேசும் பேச்சில் பாதி புரியாது. திருவிழாக் கூட்டத்தில் நடந்தால் பிறருடைய முழங்கால்களே அதன் கண்ணுக்குத் தெரியும். ஆதலின் சின்னஞ்சிறு உயிரொன்று பேரிடரை வென்று வரும் சித்திரப் படத்தைக் காணும் குழந்தை, வேறொருவர் கதையைக் காண்பதில்லை. தன் கதையையே காண்கின்றது.

'கார்ட்டூன்' என்று பிள்ளைகள் அழைக்கும் இப்படங்களைப் பற்றிப் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எவ்வளவு நேரம் பார்க்க விடலாம், சாமி?" நல்ல கேள்விதான். ஆயினும் அதனினும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. படத்தில் வரும் அச்சிறிய உயிர் எச்செயலைச் செய்தமையால் வீரன் எனப் போற்றப்படுகின்றது? ஏனெனில், அதையே வீரம் என்று குழந்தை மனத்தில் எழுதிக்கொள்கின்றது. இத்திங்கள் இதனைச் சற்றே ஆராய விழைகின்றோம்.

1940ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் தோன்றிய டாம் என்னும் பூனையும் ஜெர்ரி என்னும் எலியும் இன்றும் வீடுதோறும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கின்றன. சுத்தியலால் அடியுண்டு அப்பளம்போல் தட்டையான பூனை மறுநொடி எழுந்து ஓடுவதைக் கண்டு நாமும் சிரித்ததுண்டு. சிரிப்பைக் குறைகூற வரவில்லை. ஆனால் அவ்வெலியின் சாமர்த்தியம் பெரும்பாலும் தன் உயிரைக் காத்துக்கொள்வதோடும், தன்னைத் துரத்தியவனைத் திருப்பி அடிப்பதோடும் முடிந்துவிடுகின்றது. அதனினும் வேறான எலி ஒன்றை நம் நாட்டுச் சித்திரப் படமொன்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே வரைந்து காட்டியிருக்கின்றது. அதைப் பற்றித் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் அறியா.

1974ஆம் ஆண்டு மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த அப்படத்தின் பெயர் 'ஏக், அனேக் ஔர் ஏக்தா'. 'ஒன்று, பல, ஒற்றுமை' என்பது பொருள். இந்தி மொழிப் படம். நீளம் ஏறத்தாழ 7 நிமிடங்களே. இயக்கியவர் விஜயா முலே என்னும் அம்மையார். பம்பாயில் பிறந்து, மணமாகிப் பீகாரின் பாட்னா நகருக்குச் சென்றவர். நல்ல திரைப்படங்களை மக்கள் கூடிக் கண்டு சிந்திக்க வேண்டும் என்று அங்கே திரைப்படச் சங்கப் பணியில் ஈடுபட்டவர். பின்னர்ச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கான கல்விப் படங்களில் உழைத்தவர். 2019ஆம் ஆண்டில், தமது 98ஆம் வயதில் மறைந்தார். படத்துக்குச் சித்திர உயிரூட்டியவர் பீம்சைன். இசை அமைத்தவர் வசந்த் தேசாய். அதில் ஒலிக்கும் இளங்குரல், பிற்காலத்தில் 'அழகி' என்னும் தமிழ்ப் படத்தில் பாடித் தேசிய விருது பெற்ற சாதனா சர்கம் அவர்கள் சிறுமியாயிருந்தபோது பாடியது. கல்விப் படத்துக்கான தேசிய விருதினை இப்படம் பெற்றது. தூர்தர்ஷன் ஒன்றே தொலைக்காட்சியாக இருந்த நாள்களில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகி, வடமாநிலங்களில் ஒரு தலைமுறையே இதனை மனப்பாடமாய் அறியும்.

கதை மிக எளியது. தோட்டத்தில் பிள்ளைகள் விளையாடுகின்றனர். சிறுவன் ஒருவன் தன் அக்காளிடம் 'பல' என்றால் என்னவென்று வினவுகின்றான். சூரியன் ஒன்று, சந்திரன் ஒன்று, விண்மீன்கள் பல என்று தொடங்கி, ஓர் அணில், பல அணில்கள், ஒரு பறவை, பல பறவைகள் என்று அவள் விளக்குகின்றாள். பிறகு கதை சொல்கின்றாள். வேடன் தானியத்தைத் தூவி வலை விரித்திருந்தான். இரை தேடி வந்த பறவைகள் அதில் சிக்கின. தனித்தனியே சிறகடித்தபோது வலை அசையவில்லை. அறிவுள்ள பறவை ஒன்றின் சொற்கேட்டு எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. வலையும் அவற்றோடு வானில் எழும்பியது. வேடன் வெறுங்கையனாய் நின்றான். பறவைகள் தம் நண்பர்களாகிய எலிகளிடம் சென்று இறங்கின. எலிகள் வலையைக் கடித்து அறுத்து அவற்றை விடுவித்தன. கதை கேட்ட பிள்ளைகள் அத்துடன் நிற்கவில்லை. கைக்கு எட்டாத மாங்கனியை, ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்று, பறித்து உண்கின்றனர்.

இது புதிய கதையன்று. பஞ்சதந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் வருவது. தாண்டவராய முதலியார் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய தமிழ் உரைநடை வாயிலாக நம் முன்னோர் பள்ளியில் படித்தது. படம் 7 நிமிடத்துக்குள் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று அப்பழங்கதையில் உண்டு. அங்கே எலியின் பெயர் இரணியகன். அவன் வீரனாகவே அறிமுகம் ஆவதில்லை. மாறாக, இடர் வருமென அஞ்சி, தப்பி ஓடுவதற்குப் பல வாயில்கள் வைத்து வளை தோண்டி வாழ்பவன். வானிலிருந்து பறவைக்கூட்டம் இறங்கிய ஓசை கேட்டு முதலில் நடுங்குகின்றான். நண்பனாகிய புறாவரசன் சித்திரக்கிரீவனின் குரலை அறிந்த பின்னரே வெளியே வருகின்றான்.

வந்தவன் தன் நண்பனின் கட்டை அறுக்கப் போகின்றான். புறாவரசனோ, "முதலில் என்னைச் சேர்ந்தவர்களை விடுவி, பிறகு என்னிடம் வா" என்னும் கருத்துப்பட மறுத்துவிடுகின்றான். எலி தயங்குகின்றது. தனக்கு இருப்பதோ சிறிய பல், வலையோ பெரிது, எல்லாக் கட்டுகளையும் அறுப்பதற்குள் பல் முறிந்துவிட்டால் என் செய்வது? ஆயினும் நண்பனின் உள்ளத்தை அறிந்து மகிழ்ந்து, எல்லாக் கட்டுகளையும் அறுத்து முடிக்கின்றது. நாம் தேடிய வீரம் இதுவே. அஞ்சாத உயிர் செய்த செயலன்று இது. அஞ்சிய உயிர், பிறர் பொருட்டு வளையை விட்டு வெளியே வந்து, தன்னிடம் உள்ள ஒரே கருவியாகிய பல்லைப் பணயம் வைத்துச் செய்த செயல்.

இதனைக் குழந்தைக் கதை என்று ஒதுக்கிவிடலாகாது. பெருமாநல்லூரிலும் திருப்பூரைச் சுற்றியுள்ள பிற ஊர்களிலும் வாழும் நமக்கு இக்கதையின் மூன்று பகுதிகளும் வாழ்க்கையாகவே முன் நிற்கின்றன.

முதலாவது, தானியம். வலையை மட்டும் விரித்திருந்தால் எந்தப் பறவையும் இறங்கியிராது. மணி தூவியிருந்ததால்தான் இறங்கின. மூன்றாண்டு ஆலையில் வேலை செய்தால் முடிவில் திருமணத்துக்கு மொத்தமாய்ப் பணம் தரப்படும் என்று கூறி, 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலப் பெயரால், நம் கொங்குப் பகுதி நூற்பாலைகள் பலவற்றுக்கு ஏழை வீட்டு இளம் பெண்கள் அழைத்து வரப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். விடுதிக்கும் ஆலைக்கும் இடையே அடைபட்டு, உடல்நலம் குன்றி இடையில் நின்றுவிட்டால் பேசிய தொகை கிடைக்காமற் போன பெண்களின் கண்ணீரையும் அறிவீர்கள். இன்று கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கடன் என்று கூறும் செயலிகள் வேறு வந்துள்ளன. உருவம் மாறினும் தானியம் தானியமே. புறாவைப்போல் கபடற்றவராயும் பாம்பைப்போல் விவேகமுள்ளவராயும் இருக்குமாறு ஆண்டவர் தம் சீடருக்குச் சொன்னார். அவ்விரண்டில் முதலாவதை மட்டும் பிள்ளைகளுக்குக் கற்பித்து இரண்டாவதை விட்டுவிடுதல் முறையன்று. படத்தில் பறவைகள் இறங்கும் இடத்தில் நிறுத்தி, "யாரும் விதைக்காத இடத்தில் இவ்வளவு தானியம் ஏன் கிடக்கின்றது?" என்று குழந்தையைக் கேளுங்கள்.

இரண்டாவது, ஒன்றாய் எழும்புதல். பறவைகளுக்குச் சிறகு இல்லாமற் போகவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் இழுத்ததே குறை. பின்னலாடைத் தொழிலில் ஊறிய உங்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பின்னிய துணியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்தடுத்த கண்ணிகளும் பிரிந்து ஓட்டை நீண்டுகொண்டே போவதை நாள்தோறும் காண்கின்றீர்கள். மனிதர் கூட்டத்திலும் அப்படியே. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடந்தது நினைவிருக்கும். தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான காணொளிகள் பரப்பப்பட்டன. வேறெங்கோ, வேறெதற்கோ எடுத்த காட்சிகள் நம் ஊர்ப் பெயரால் உலவின. நம்மிடையே உழைத்துக்கொண்டிருந்தோருள் சிலர் அஞ்சி ஊர்களுக்குப் புறப்பட்டனர். பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கும் வந்து விசாரித்தது. செய்தி பொய் என்று வெளிப்பட்டது. ஆயினும் அந்தச் சில நாள்களில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தோரே ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கினர். வதந்தியும் ஒரு வலைதான். அதில் சிக்கியவர் அவர்கள் மட்டும் அல்லர், நாமும் சிக்கினோம்.

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். இப்படத்தை ஆக்கிய அம்மையார் பொதுப்பணியில் இறங்கிய இடம் பாட்னா. அம்மாநிலத்திலிருந்து வந்து, நம் பனியன் கம்பெனிகளில் நம் பக்கத்தில் அமர்ந்து பிசிர் வெட்டும் தாயும், அயர்ன் போடும் தந்தையும் இப்படத்தைச் சிறு வயதில் கண்டிருத்தல் கூடும். நாம் அறியாத ஒன்றை அவர்கள் அறிந்திருக்கின்றனர் என்பதே நம் உள்ளத்தைச் சற்றுத் தாழ்மையாக்க வேண்டும்.

மூன்றாவது, வளையை விட்டு வெளியே வருதல். இதுவே மூன்றினும் கடினம். பிள்ளைகளைவிடப் பெற்றோர்க்கே கடினம். இதனை விளக்க, கடல் கடந்த நாட்டுப் படமொன்றைத் துணைக்கு அழைக்கின்றோம்.

2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் வெளியிட்டு, ஆஸ்கர் விருதும் பெற்ற 'ஃபைண்டிங் நீமோ' என்னும் சித்திரப் படத்தை உங்கள் பிள்ளைகளுள் பலர் கண்டிருப்பர். நீமோ ஒரு கோமாளி மீன் குஞ்சு. அவ்வகை மீன்கள் நம் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கின்றன. நம் விரல் நீளமே இருக்கும். பெரிய மீன் ஒன்று தாக்கியதில் தாயும் மற்ற முட்டைகள் அனைத்தும் அழிந்துபோக, எஞ்சியது அந்த ஒரு முட்டை. பிறக்கும்போதே நீமோவுக்கு ஒரு துடுப்பு சிறுத்திருக்கின்றது. தந்தையோ, இழந்ததை எண்ணி எண்ணி, பிள்ளையைத் தன் நிழலை விட்டு அகல விடுவதில்லை. எதற்கும் "உன்னால் முடியாது" என்பதே அவர் மறுமொழி. அச்சொல்லால் சினந்த பிள்ளை, தன்னால் முடியும் என்று காட்டப் போய் மனிதன் கையில் அகப்படுகின்றது. பிள்ளையைத் தேடி அத்தந்தை பெருங்கடலைக் கடக்கின்றார். சுறாக்களுக்கும் நச்சு ஜெல்லி மீன்களுக்கும் இடையே, அஞ்சி அஞ்சியே, செல்கின்றார். காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிய ஆயனின் உவமை நம் நினைவுக்கு வாராதிருக்க முடியுமா?

ஆனால் நாம் சுட்ட விரும்புவது படத்தின் இறுதிப் பகுதியை. தந்தையும் மகனும் சேர்ந்துவிடுகின்றனர். கதை அங்கே முடிந்திருக்கலாம். அந்நேரத்தில், தந்தைக்கு வழித்துணையாய் வந்த மீன் வேறு பல மீன்களோடு மீன்பிடி வலையில் சிக்கிக்கொள்கின்றது. எல்லா மீன்களும் ஒன்றாய்க் கீழ்நோக்கி நீந்தினால் வலை அறும் என்பது நீமோவுக்குத் தெரியும். அதைச் சொல்ல அவன் வலைக்குள் போக வேண்டும். தந்தை மறுக்கின்றார். இப்போதுதான் மீட்ட பிள்ளை அன்றோ? பிறகு, நெஞ்சு பதைக்க, போகச் சொல்லுகின்றார். சிறிய துடுப்புள்ள பிள்ளை உள்ளே போகின்றது. மீன்கள் ஒன்றாய்க் கீழ்நோக்கி நீந்துகின்றன. வலை அறுந்து விழுகின்றது. நம் நாட்டுக் கதையில் பறவைகள் வலையை மேலே தூக்கின; அங்கே மீன்கள் கீழே இழுத்தன. திசைதான் வேறு. பிறரை விடுவிக்கச் சிறியவர் ஒருவர் தாமே முன்வந்தது இரண்டிலும் ஒன்றே.

இப்படத்தில் வீரர் இருவர். ஒருவன் போன பிள்ளை. மற்றவர் போக விட்ட தந்தை. இந்த இரண்டாம் வீரத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

நம் இல்லங்களை எண்ணுவோம். தாயும் தந்தையும் காலை எட்டரைக்கு வேலைக்குச் சென்றால், ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்குமேல் திரும்புகின்றனர். பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் அவர்கள் சொல்லிச் செல்வது என்ன? "கதவைத் தாழிட்டுக்கொள். யார் கூப்பிட்டாலும் திறக்காதே. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேராதே. போனைப் பார்த்துக்கொண்டிரு." இதைக் குற்றமாய்ச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. உழைக்காமல் வாடகையும் பள்ளிக் கட்டணமும் எங்ஙனம் கட்டுவது? பிள்ளையின் பாதுகாப்பை எண்ணி அஞ்சுவதற்கும் காரணங்கள் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் இதே சொற்களைக் கேட்டு வளரும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கின்றது? வெளியில் இருப்போர் எல்லாரும் பகைவர். வளைக்குள் இருப்பதே அறிவு. வளைக்குள் பல வாயில்களோடு வாழ்ந்த இரணியகனுக்கும் ஒரு நண்பனின் குரல் தெரிந்திருந்தது. தாழிட்ட கதவுக்கு வெளியே எந்த நண்பனின் குரலை நம் பிள்ளை அறியும்?

பிள்ளையைத் தெருவில் விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. நீமோவின் தந்தையும் பிள்ளையைக் கண்மூடிக் கடலில் விடவில்லை. தாம் அருகிலிருந்து, எதற்காகப் போகின்றான் என்று அறிந்து, போக விட்டார். அவ்வளவே நாம் வேண்டுவதும். வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார உங்கள் பிள்ளை விரும்பினால், "உனக்கேன் வம்பு?" என்று தடுக்காதீர்கள். தவறான செய்தி ஒன்று உறவினர் குழுவில் வந்தபோது, "இது உண்மையா அப்பா?" என்று அது கேட்டால், "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று அடக்காதீர்கள். வலையை அறுக்கத் தொடங்கும் முதற்பல் பெரும்பாலும் பாற்பல்லாகவே இருக்கும்.

இறுதியாக, எளிய செயலொன்றைப் பரிந்துரைக்கின்றோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு திருப்பலியும் முடிந்து, மாலையில் குடும்பமாய் இருக்கும் நேரம் உங்களுக்கு உண்டு. கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வேறிடம் செல்லாமல், அன்று ஒருநாள் எல்லாரும் சேர்ந்து அந்த 7 நிமிடப் படத்தைப் பாருங்கள். இணையத்தில் அது எளிதில் கிடைக்கின்றது. இந்தி புரியாதே என்கிறீர்களா? நல்லதாயிற்று. உங்கள் லைன் வீட்டிலோ அடுத்த தெருவிலோ பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பம் இருக்கும். அவ்வீட்டுப் பிள்ளையை, அதன் பெற்றோரிடம் சொல்லி, உங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். படத்தில் என்ன பேசுகின்றார்கள் என்று அப்பிள்ளை உங்கள் பிள்ளைக்குச் சொல்லட்டும். கொச்சைத் தமிழானாலும் குறையில்லை. பள்ளியில் தமிழ் தெரியாமல் பின்வரிசையில் அமரும் அச்சிறுமி, அன்று ஒருநாள் உங்கள் வீட்டில் ஆசிரியை ஆவாள். உங்கள் பிள்ளை அவளிடம் கற்கும் மாணவன் ஆவான். படம் முடிந்ததும் இருவருக்கும் ஒரே தட்டில் தின்பண்டம் வையுங்கள்.

பிறகு, நாம் முன்னே சொன்ன கேள்வியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். இக்கதையில் வீரன் யார்? வேடனை ஏமாற்றிப் பறந்த பறவையா? சேர்ந்து எழும்பச் சொன்ன பறவையா? பல் முறியும் என்று அஞ்சாமல் கடித்த எலியா? விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் வாதாடட்டும். அவ்வாதத்தில் உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் பேசுகின்றது என்று மட்டும் கவனித்து வையுங்கள். அது பெரியவனாகிப் பிறர் சிக்கிய வலை ஒன்றின் எதிரே நிற்கும் நாளில் என்ன செய்யும் என்பதற்கு, அன்றைய பேச்சில் ஓர் அடையாளம் இருக்கக்கூடும்.